யுரேனியத்தை மடக்கும் மண் கிருமிகள்

அமெரிக்காவில் கொலராடோ என்று ஒரு மாகாணம் இருக்கிறது. மலைகள் நிறைந்த சீமை. அங்கே கொலராடோ ஆற்றின் கரையில் ரைபிள் என்று ஒரு சிற்றூர். பெயரைக் கேட்டதும் துப்பாக்கி ஞாபகம் வரும். ஆனால் அந்த ஊரின் தொல்லை துப்பாக்கியால் வந்தது அல்ல. ஊர் ஓரத்தில் இருந்த ஓர் ஆலையால் வந்தது.

1924-ம் ஆண்டில் ஓடத் தொடங்கிய ஆலை அது. மலையில் வெட்டி வந்த கல்லை இடித்துத் தூளாக்குவார்கள். அதை ரசாயனத்தில் ஊறவைத்து, உள்ளே இருக்கும் உலோகத்தைப் பிரித்து எடுப்பார்கள். முதலில் வனேடியம் என்ற உலோகத்தை எடுத்தார்கள். இரும்பைக் கெட்டியாக்க அது வேண்டும். பிறகு யுரேனியம் எடுத்தார்கள். அணுகுண்டுக்கு அது வேண்டும்.

1958-ம் ஆண்டில் அந்த ஆலை மூடப்பட்டது. வேலை செய்தவர்கள் போய்விட்டார்கள். ஆலை துப்பிய சக்கை மட்டும் ஆற்றங்கரையில் மேடாகக் கிடந்தது. கரும்பைப் பிழிந்த பிறகும் சக்கையில் கொஞ்சம் இனிப்பு ஒட்டிக்கொண்டு இருக்கும் அல்லவா? அதுபோல அந்தச் சக்கையில் கொஞ்சம் யுரேனியம் ஒட்டிக்கொண்டு இருந்தது. மழை பெய்தது. மலையில் பனி உருகியது. தண்ணீர் சக்கைக்குள் இறங்கி, யுரேனியத்தைக் கரைத்து எடுத்துக்கொண்டு பூமிக்குள் போயிற்று.

இப்படிப் பல ஊர்களில் சக்கை மேடுகள் கிடந்தன. 1978-ம் ஆண்டில் அமெரிக்க சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. ரைபிள் ஊர்ச் சக்கையை முழுக்க வாரி, சுமார் 10 கிலோ மீட்டர் தூரத்தில் ஒரு பள்ளத்தில் கொட்டி மூடினார்கள். 1996-ம் ஆண்டில் அந்த வேலை முடிந்தது.

மேலே சுத்தம். கீழே?

தரைக்கு அடியில், சுமார் 20 அடி ஆழத்துக்குள், ஊற்று நீர் மெல்ல மெல்ல ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டு இருந்தது. அந்த நீரில் யுரேனியம் இருந்தது. லாரியில் வாரிக்கொண்டு போக அது சக்கை அல்ல, தண்ணீர்!

கிருமிகளுக்கு விருந்து

2002-ம் ஆண்டில் சில விஞ்ஞானிகள் அந்த ஊருக்கு வந்தார்கள். பழைய ஆலை இருந்த இடத்தில் வரிசையாகக் குழாய்களை இறக்கினார்கள். குழாய் வழியாக ஒரு திரவத்தைப் பூமிக்குள் செலுத்தினார்கள்.

அது விஷ மருந்து அல்ல. அசிடேட் என்ற ஓர் உப்பைக் கரைத்த தண்ணீர். ஊறுகாய்க்குச் சேர்க்கும் வினிகரில் ஒரு புளிப்பு இருக்கிறதே, அந்தப் புளிப்பின் உப்புதான் அசிடேட். விலை அதிகம் இல்லாத சரக்கு.

யாருக்காக இந்தப் புளிப்பு? மண்ணுக்குள் இருக்கும் கிருமிகளுக்காக!

கிருமி என்றதும் காலராவும் காசநோயும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பாலைத் தயிராக்குவதும் கிருமிதான். இட்லி மாவைப் பொங்கவைப்பதும் கிருமிதான். மண்ணுக்குள் வாழும் கிருமிகளுக்குக் கணக்கே கிடையாது. ஒரு சிட்டிகை மண்ணில் கோடிக்கணக்கில் இருக்கும். அவற்றில் ஒரு ஜாதிக்கு ஜியோபாக்டர் என்று பெயர்.

இதைக் கண்டுபிடித்தவர் டெரிக் லவ்லி என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1987-ம் ஆண்டில், வாஷிங்டன் நகரை ஒட்டி ஓடும் பொட்டோமாக் ஆற்றின் அடிச் சேற்றை அள்ளி ஆராய்ந்தபோது இது அகப்பட்டது. இதன் குணம் விசித்திரமானது. இது துருவை வைத்து மூச்சு விடுகிறது!

துருவை வைத்து மூச்சா?

மனிதன் சோறு சாப்பிடுகிறான். பிராணவாயுவை உள்ளே இழுக்கிறான். சோற்றில் இருந்து சக்தி பிறக்கும்போது எலெக்ட்ரான் என்ற மிக நுட்பமான மின்துகள்கள் மிச்சமாகின்றன. பிராணவாயு அவற்றை வாங்கிக்கொள்கிறது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை என்றால் அடுப்பு அணைந்துவிடும். மூச்சு முட்டிச் சாவது அதனால்தான்.

ஜியோபாக்டர் வாழும் சேற்றுக்குள் பிராணவாயு கிடையாது. அது என்ன செய்கிறது? பக்கத்தில் இருக்கும் இரும்புத் துருவின் தலையில் மின்துகள்களைக் கட்டிவிடுகிறது. துரு வாங்கிக்கொள்கிறது. கிருமி பிழைத்துக்கொள்கிறது.

இரும்பை ஏமாற்றும் கிருமி யுரேனியத்தை விடுமா? லவ்லியும் அவருடைய கூட்டாளிகளும் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். யுரேனியம் கரைந்த தண்ணீரில் கிருமியை விட்டார்கள். கிருமி யுரேனியத்துக்கும் மின்துகள்களைக் கொடுத்தது. 1991-ம் ஆண்டில் இந்தச் செய்தி வெளிவந்தது.

இங்கேதான் காரியம் இருக்கிறது. காற்றுப் பட்ட யுரேனியம் தண்ணீரில் சுலபமாகக் கரையும். கரைந்தால் ஊற்றோடு ஓடும். கிணற்றில் வரும். குடித்தவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆனால் கிருமியிடம் மின்துகள் வாங்கிய யுரேனியம் அநேகமாகக் கரையாது. மணலோடு மணலாக அங்கேயே படிந்துவிடும். சர்க்கரை போல் கரைந்து ஓடிய பொருள், செங்கல் தூள் போல் அடியில் தங்கிவிடுகிறது.

ஜியோபாக்டரின் உடம்பில் மெல்லிய இழைகள் நீண்டு இருக்கின்றன. மின்சாரம் போகும் கம்பி போல அவற்றின் வழியாக மின்துகள்கள் வெளியே போகின்றன என்று 2005-ம் ஆண்டில் சொன்னார்கள். அந்த இழை எதனால் ஆனது என்று விஞ்ஞானிகளுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. அது அவர்கள் பாடு. 2011-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி, யுரேனியம் பெரும்பாலும் அந்த இழைகளின் மேலேயே படிகிறது என்று காட்டியது. விஷத்தை உடம்புக்குள் விடாமல், கைக்கு எட்டும் தூரத்திலேயே நிறுத்திவிடுகிறது கிருமி. கெட்டிக்காரக் கிருமிதான்!

50 நாளில் வெற்றி - பிறகு?

ரைபிள் ஊருக்குத் திரும்புவோம். அசிடேட்டை மண்ணுக்குள் செலுத்தினார்கள் அல்லவா? வெளியில் இருந்து கிருமி எதையும் கொண்டுவந்து விடவில்லை. அந்த மண்ணிலேயே பசியோடு கிடந்த ஜியோபாக்டர்கள் தீனியைக் கண்டு பெருகின. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, அந்த இடம் முழுவதும் அவற்றின் ராஜ்யம் ஆயிற்று.

9 நாளில் தண்ணீரில் யுரேனியம் குறையத் தொடங்கியது. 50 நாளுக்குள் சில கிணறுகளில் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது.

தோண்டவில்லை. வாரவில்லை. தண்ணீரை இறைத்துக் கொட்டவில்லை. புளிப்பு உப்பைக் கொடுத்து, பூமிக்குள் இருந்த கூட்டத்தையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். இந்தச் செய்தியைக் கேட்டு உலகமே வியந்ததில் தப்பு இல்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை.

தீனி தொடர்ந்து போய்க்கொண்டு இருந்தது. குழாய்க்குப் பக்கத்து மண்ணில் இருந்த துரு தீர்ந்துகொண்டு வந்தது. துரு இல்லாவிட்டால் ஜியோபாக்டருக்கு மூச்சு இல்லை. அந்த நேரம் பார்த்து வேறு ஒரு கிருமிக் கூட்டம் தலை தூக்கியது. இது கந்தக உப்புகளை வைத்து மூச்சு விடும் ஜாதி. அந்தத் தண்ணீரில் கந்தக உப்புக்குப் பஞ்சம் இல்லை. அசிடேட் முழுவதையும் இந்தக் கூட்டம் தின்று தீர்த்தது. அந்த இடத்தில் யுரேனியத்தைப் பிடிப்பதில் ஜியோபாக்டர் காட்டிய திறமை இதனிடம் இல்லை.

தண்ணீரில் யுரேனியத்தின் அளவு மறுபடியும் ஏறியது!

விஞ்ஞானிகள் சோர்ந்துவிடவில்லை. பிறகு பல ஆண்டுகள் அங்கே தங்கி, தீனியின் அளவை மாற்றி மாற்றிச் சோதனை செய்தார்கள். தோல்வியை மறைக்காமல், ஏறியதையும் இறங்கியதையும் கணக்கோடு எழுதி வெளியிட்டார்கள். அவர்களைப் பாராட்ட வேண்டும்.

கார்கள் நிற்கும் இடத்துக்கு அடியில்

ஓக் ரிட்ஜ் என்ற ஊர் அமெரிக்காவின் டென்னஸி மாகாணத்தில் இருக்கிறது. முதல் அணுகுண்டுக்கு யுரேனியம் தயாரித்த ஊர். அங்கே 1951-ம் ஆண்டு முதல் 1983-ம் ஆண்டு வரை யுரேனியமும் நைட்ரிக் திராவகமும் கலந்த கழிவை நாலு குளங்களில் ஊற்றி வந்தார்கள். குளத்துக்கு அடியில் தளம் எதுவும் போடவில்லை. வெறும் மண். கழிவு மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு குளங்களை மூடி, மேலே தார் போட்டு, கார்கள் நிறுத்தும் இடம் ஆக்கிவிட்டார்கள். பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒரு குளம் இருந்தது என்றே தெரியாது.

அதன் அடியில் ஓடும் தண்ணீர் எலுமிச்சம் சாறு போலப் புளித்துக் கிடந்தது. குடிதண்ணீரில் ஒரு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் யுரேனியம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்கச் சட்டம். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். ஓக் ரிட்ஜ் குளங்களுக்குப் பக்கத்தில் அந்த அளவைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல் இருந்தது.

அப்படிப்பட்ட தண்ணீரில் கிருமி வாழுமா? முதலில் விஞ்ஞானிகள் தண்ணீரின் புளிப்பை முறித்தார்கள். அதில் ஏராளமாக இருந்த நைட்ரேட் உப்பை நீக்கினார்கள். ஏனென்றால் நைட்ரேட் இருக்கும்வரை கிருமிகள் யுரேனியத்தைத் திரும்பிப் பார்க்காது. பிறகு 2004-ம் ஆண்டில் கிருமிகளுக்குச் சாராயம் ஊற்றினார்கள். ஆமாம், சாராயம்தான்! எத்தனால் என்பது அதன் ரசாயனப் பெயர். நாளாவட்டத்தில் யுரேனியம் அந்த 30 மைக்ரோகிராமுக்கும் கீழே வந்தது.

அங்கேயும் ஒரு பாடம் கிடைத்தது. தீனியை நிறுத்தி, காற்றுக் கலந்த தண்ணீரை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். படிந்த யுரேனியத்தில் ஒரு பகுதி கரைந்து எழுந்தது. திரும்பச் சாராயம் கொடுத்ததும் அடங்கியது.

அதே ஊரில், வேறு ஓர் இடத்தில், 2009-ம் ஆண்டில் தாவர எண்ணெயைப் பால் போலக் கலக்கி ஒரே ஒரு தடவை பூமிக்குள் செலுத்தினார்கள். எண்ணெய் மெல்லத்தான் கரையும். அதனால் தீனி நெடுநாள் வரும் என்பது யோசனை. யோசனை பலித்தது. அருகில் உள்ள ஓடையில் தினமும் போய்ச் சேரும் யுரேனியம் 100 நாளுக்குள் 80 சதவிகிதம் குறைந்தது. ஒரு வருஷம் முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. சுமார் ஒரு வருஷத்தில் எண்ணெயின் பலன் தேய்ந்துவிட்டது.

தயிர்ப் புளிப்பும் மீன் குஞ்சும்

இன்னும் ஒரு ஊரைச் சொல்லியாக வேண்டும். வாஷிங்டன் மாகாணத்தில் ஹான்போர்டு என்ற இடத்தில் அணுகுண்டுக்குப் புளுட்டோனியம் செய்தார்கள். ஒன்பது அணு உலைகள் கொலம்பியா ஆற்றங்கரையில் நின்றன. உலையைக் குளிரவைக்க ஆற்று நீரை விட்டார்கள். குழாய் துருப்பிடிக்காமல் இருக்க அந்த நீரில் குரோமிய உப்பைக் கலந்தார்கள். குரோமியம் மண்ணுக்குள் இறங்கி ஆற்றை நோக்கி நகர்ந்தது. அந்த ஆற்றில் சால்மன் மீன்கள் முட்டையிட வருகின்றன. அந்தக் குஞ்சுகளுக்குக் குரோமியம் விஷம்.

2004-ம் ஆண்டில் அங்கே கிருமிகளுக்குக் கொடுத்த தீனி, தயிரில் இருக்கும் அதே புளிப்பில் இருந்து செய்த, தேன் போல் கெட்டியான ஒரு பாகு. சோதனை செய்த இடத்தில் குரோமியம் குடிதண்ணீர் அளவுக்குக் கீழே இறங்கியது. மூன்று வருஷத்துக்கு மேல் ஏறவே இல்லை.

யுரேனியத்தைவிடக் குரோமியம் நல்ல பிள்ளை. ஒரு தடவை படிந்துவிட்டால் சுலபத்தில் திரும்பிக் கரையாது. ஆகவே குரோமியத்துக்குக் கிருமி வைத்தியம் தைரியமாகச் செய்யலாம். யுரேனியத்துக்கு அந்தத் தைரியம் போதாது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது தவறு.

"கதிர்வீச்சைத் தின்னும் கிருமி"

இந்தத் தலைப்பில் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. 1956-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரிகன் மாகாணத்தில் டப்பாவில் அடைத்த இறைச்சி கெடாமல் இருக்க, அதன் மேல் காமாக் கதிர்களைப் பாய்ச்சினார்கள். கிருமி எல்லாம் செத்திருக்கும் என்று எண்ணினார்கள். இறைச்சி கெட்டுப் போயிற்று! உள்ளே ஒரு கிருமி பிழைத்து இருந்தது. டீனோகாக்கஸ் என்று அதற்குப் பெயர். மனிதனைக் கொல்லும் கதிர்வீச்சைப் போல் ஆயிரம் மடங்கை அது தாங்குகிறது.

தாங்குகிறது என்றால் தின்கிறது என்று அர்த்தம் அல்ல. வெயிலைத் தாங்குகிறவன் வெயிலைத் தின்கிறானா? ரைபிளிலும் ஓக் ரிட்ஜிலும் வேலை செய்தது இந்த வீரன் அல்ல. பெயர் இல்லாமல் சேற்றில் கிடந்த சாதாரணக் கிருமிகள்தான்.

எந்தக் கிருமியாலும் யுரேனியத்தை அழிக்க முடியாது. அணுவுக்குள் கை வைக்க அதற்குச் சக்தி இல்லை. படிந்த யுரேனியமும் யுரேனியம்தான். அதில் பாதி தானாக அழிய சுமார் 450 கோடி வருஷம் ஆகும். கிருமி செய்வது ஒன்றே ஒன்று. ஓடுகிற விஷத்தைப் பிடித்து உட்காரவைக்கிறது. தீனி உள்ளவரை, காற்று நுழையாதவரை, அது உட்கார்ந்து இருக்கும்.

எனவே "சுத்தம் செய்தாகிவிட்டது" என்று ஓர் ஆலைக்காரரோ அதிகாரியோ சொன்னால், "கட்டி வைத்திருக்கிறோம்" என்று திருத்திச் சொல்லச் சொல்ல வேண்டும். கட்டி வைத்த மாட்டுக்கும் தீனி போட ஆள் வேண்டும். கயிற்றைப் பார்க்க ஆள் வேண்டும்.

அதற்காக இந்த முறையை ஒதுக்கிவிடலாமா? கூடாது. மற்ற வழிகளும் முழு வழிகள் அல்ல. தண்ணீரை இறைத்துச் சுத்தம் செய்தால், மணலில் ஒட்டிய யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்துகொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் இறைக்க வேண்டும். தானாகக் கழுவிக்கொண்டு போகட்டும் என்று விட்டாலும் அதே கதைதான்.

ரைபிளில் அதற்கு ஒரு காரணத்தையும் கண்டுபிடித்தார்கள். ஆறு எந்தக் காலத்திலோ கொண்டுவந்து புதைத்த இலையும் சுள்ளியும் மண்ணுக்குள் ஆங்காங்கே கிடக்கின்றன. அவற்றைத் தின்று வாழும் கிருமிகள், விஞ்ஞானிகள் வருவதற்கு முன்பே யுரேனியத்தைப் பிடித்துச் சேர்த்து வைத்திருந்தன! பனி உருகி, காற்றுக் கலந்த புது நீர் அந்த இடங்களில் ஏறும்போது, சேர்ந்ததில் கொஞ்சம் வெளியே வருகிறது. இயற்கையின் கைவேலையிலும் இந்தக் குறை இருக்கிறது.

ஆற்றுக்கோ கிணற்றுக்கோ விஷம் போய்ச் சேர இருக்கும் இடத்தில், குறுக்கே ஒரு வேலி போலக் கிருமிகளை வளர்த்து நிறுத்தலாம். அவசரத்துக்கு அது நல்ல வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து கொண்டு, தோண்ட முடிந்ததைத் தோண்டி எடுக்க வேண்டும். மேலிருந்து புதுக் கழிவு இறங்காமல் தடுக்க வேண்டும்.

செலவு யாருடையது? 1978-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, ரைபிள் போன்ற பழைய ஆலைகளின் சக்கையை அகற்ற ஆன செலவில் 90 சதவிகிதத்தை மத்திய சர்க்காரும் 10 சதவிகிதத்தை மாகாண சர்க்காரும் கொடுத்தன. யுரேனியத்தை வாங்கியதும் சர்க்கார்தான் என்பது உண்மை. ஆனாலும் ஆலை விற்ற காலத்து லாபம் ஒரு பக்கம் போயிற்று. பின்னால் வந்த செலவு ஊராரின் வரிப்பணத்தில் போயிற்று.

இனி எந்த நாட்டில் யுரேனியச் சுரங்கமோ குரோமிய ஆலையோ திறந்தாலும், திறக்கும் நாளிலேயே ஒரு தொகையைச் சர்க்காரிடம் கட்டச் சொல்ல வேண்டும். ஆலை மூடிய பிறகு சோதனைக் கிணறுகள் தோண்டவும், கிருமிகளுக்குத் தீனி வாங்கவும், தண்ணீரை மாதந்தோறும் எடுத்துப் பரிசோதிக்கவும், அந்தக் கணக்கைப் பக்கத்து ஊர் ஜனங்கள் படிக்கும்படி ஒட்டிவைக்கவும் அந்தப் பணம் போதுமானதாக இருக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு என்பதையும் அனுமதிப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.